சனிக்கிழமை மேஜையும் திங்கட்கிழமை அலுவலகமும்: அறிவியல், தொழில்நுட்பத்தில் கறுப்பின அமெரிக்கர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமை காலைகளில் எங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் குழுவில் ஆறு வருடமாக இருக்கிறேன். வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். கெட்டிக்காரப் பிள்ளைகள். ஒரே கணக்கை இரண்டு வழியில் போட்டுக் காட்டிவிட்டு, எந்த வழி நல்ல வழி என்று என்னிடமே சண்டைக்கு வருவார்கள். திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போனால், என் தளத்தில் இருக்கும் எழுபது பேரில் கறுப்பினத்தவர் இருவர். அந்த மேஜையிலிருந்து இந்த மேஜைக்கு வருவதற்குள் என்ன நடக்கிறது என்றுதான் தமிழ் நண்பர்கள் பலவிதமாகக் கேட்கிறார்கள். சிலர் அக்கறையோடு, சிலர் சந்தேகத்தோடு, ஒருவர் நல்ல கோபத்தோடு. எல்லாருக்குமாகச் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

நேரடியான சம்பந்தம். 1946 முதல் 1965 வரை இந்தியாவுக்கென்று அமெரிக்கா ஒதுக்கியிருந்த குடியேற்ற இடங்கள் வருடத்துக்கு 100. முழு நாட்டுக்கும் சேர்த்து 100. பிறந்த நாட்டைப் பார்த்து ஆளை அளக்கும் அந்த முறையை ஒழித்த சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் 1965 அக்டோபர் 3 அன்று கையெழுத்திட்டார். 1964-ல் சிவில் உரிமைச் சட்டம், 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம், அதே அலையில் அக்டோபரில் இது. கறுப்பின மக்கள் தெருவில் அடிபட்டு, போலீஸ் நாய்களிடம் கடிபட்டு, சிறைக்குப் போய், பிறப்பை வைத்து மனிதரைப் பிரிக்கக் கூடாது என்பதை நாட்டின் சட்டமாக்கினார்கள். அந்தப் போராட்டம் இல்லாமல் எழுபதுகளில் டாக்டர்களும் என்ஜினியர்களுமாக நம்மவர்கள் இங்கே வந்து இறங்கியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. விசா வரிசையில் நிற்பவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. எனக்கே இங்கு வந்து பத்து வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

எந்தச் சொல்லால் குறிப்பிடுவது?

கறுப்பினத்தவர், கறுப்பின அமெரிக்கர், ஆப்பிரிக்க அமெரிக்கர், எல்லாமே சரிதான். 'நீக்ரோ' என்ற சொல் பழைய தமிழ்ப் புத்தகங்களில் சாதாரணமாக வரும். இன்று அதைச் சொல்லக் கூடாது. பக்கத்தில் நிற்பவருக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் நம் ஆட்கள் புழங்கும் வேறு சில சொற்களும் உண்டு. அவற்றை இங்கே எழுத மாட்டேன். வீட்டில் பிள்ளைகள் காதுபடவும் சொல்லாதீர்கள்.

எண்ணிக்கை உண்மையிலேயே அவ்வளவு குறைவா?

பியூ ஆய்வு மையம் 2021-ல் வெளியிட்ட கணக்கின்படி அமெரிக்காவில் வேலை பார்ப்பவர்களில் 11 சதவீதம் கறுப்பினத்தவர். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் சார்ந்த வேலைகளில் 9 சதவீதம். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் அந்தக் கணக்கில் மருத்துவத்துறை வேலைகளும் சேர்ந்திருக்கின்றன. பொறியியலை மட்டும் தனியே எடுத்தால் 5 சதவீதமாக இறங்கிவிடுகிறது. 2014-ல் கூகுள் முதன்முதலாகத் தன் ஊழியர் விவரத்தை வெளியிட்டபோது, அமெரிக்காவில் இருந்த அதன் ஊழியர்களில் கறுப்பினத்தவர் 2 சதவீதம்.

சட்டம் வந்து அறுபது வருடம் ஆகிவிட்டது. இன்னும் என்ன தடை?

வீட்டிலிருந்து தொடங்குங்கள். 1930-களில் வீட்டுக்கடனுக்காக அரசு அமைப்பு ஒன்று நகரங்களுக்கு வரைபடம் தயாரித்தது. கறுப்பினத்தவர் வசித்த பகுதிகளைச் சிவப்பில் தீட்டி, கடன் கொடுக்க ஆபத்தான இடம் என்று குறித்தது. அங்கே கடன் கிடைக்கவில்லை, வீட்டு விலை ஏறவில்லை, அப்பா அம்மா விட்டுப் போகச் சொத்து சேரவில்லை. இங்கே பள்ளிக்கூடத்துக்கு வரும் பணத்தில் ஒரு பெரிய பங்கு அந்த ஊர்ச் சொத்துவரியிலிருந்து வருகிறது. வீட்டு விலை குறைந்த ஊரில் வரி குறைவு, வரி குறைந்த ஊரில் பள்ளிக்கு வாத்தியார் குறைவு. கறுப்பினப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பல உயர்நிலைப் பள்ளிகளில் கால்குலஸ் (நுண்கணிதம்) வகுப்பே கிடையாது. பொறியியல் கல்லூரியோ முதல் நாளே கால்குலஸை எதிர்பார்க்கிறது. எண்பது தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் ஒரு குமாஸ்தா தீட்டிய சிவப்பு மை, இன்றைக்குப் பதினேழு வயதுப் பெண்ணின் கணக்குப் புத்தகம் வரை வந்து நிற்கிறது. சட்டம் வாசல் கதவைத்தான் திறந்தது, வாசலுக்கு வருகிற ரோட்டை யாரும் போடவில்லை.

ஆளெடுக்கும்போது யார் நிறம் பார்க்கிறார்கள்? ரெஸ்யூமேயில் போட்டோகூட இல்லையே?

பெயர் இருக்கிறதே. மரியான் பெர்ட்ரண்ட், செந்தில் முல்லைநாதன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் (இரண்டாமவர் தமிழ்நாட்டில் பிறந்தவர்) பாஸ்டன், சிகாகோ நகரங்களில் வந்த வேலை விளம்பரங்களுக்குக் கிட்டத்தட்ட 5,000 ரெஸ்யூமேக்களை அனுப்பிப் பார்த்தார்கள். ஆட்கள் கற்பனை. எந்த ரெஸ்யூமேக்கு எந்தப் பெயர் என்பதைக் குலுக்கல் முறையில் போட்டார்கள். பாதிக்கு எமிலி, கிரெக் போல வெள்ளையர் வைத்துக்கொள்ளும் பெயர்கள், பாதிக்கு லக்கிஷா, ஜமால் போலக் கறுப்பினத்தவர் வைத்துக்கொள்ளும் பெயர்கள். 2004-ல் முடிவு வெளியானது. வெள்ளைப் பெயருக்குப் பத்து ரெஸ்யூமே அனுப்பினால் ஒரு அழைப்பு வந்தது. கறுப்பினப் பெயருக்குப் பதினைந்து அனுப்ப வேண்டியிருந்தது.

அதைவிட என்னை உலுக்கியது அதே ஆய்வின் இன்னொரு முடிவு. அனுபவத்தையும் தகுதியையும் கூட்டி எழுதியபோது வெள்ளைப் பெயர்களுக்கு அழைப்புகள் நன்றாகக் கூடின, கறுப்பினப் பெயர்களுக்கு மிகக் கொஞ்சமே கூடின. "இன்னும் நன்றாகப் படி" என்று எந்த முகத்தோடு சொல்வது?

பெயரைத் தாண்டினாலும் ரெஃபரல் இருக்கிறது. நான் ஒரு நாள் உட்கார்ந்து, இதுவரை யார் யாரையெல்லாம் வேலைக்குச் சிபாரிசு செய்திருக்கிறேன் என்று எழுதிப் பார்த்தேன். ஒன்பது பேர். ஒன்பதும் நம் ஊர்க் கல்லூரிகளில் படித்தவர்கள். யாரையும் நான் வெறுக்கவில்லை, தெரிந்தவர்களுக்கு உதவினேன், அவ்வளவுதான். ஆனால் எங்கள் அலுவலகத்தில் பாதி வேலைகள் ரெஃபரலில்தான் நிரம்புகின்றன. அந்த வளையத்துக்குள் ஆள் தெரியாதவருக்கு வேலை காலியாக இருப்பதே தெரிய வராது.

காதரின் ஜான்சன் போன்றவர்கள் தனியாளாக நின்று சாதிக்கவில்லையா?

இந்தக் கேள்விதான் என்னிடம் அதிகம் வருகிறது. பதிலைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

நாசாவில் விண்கலங்களின் பாதையைக் கணக்கிட்ட காதரின் 1918-ல் மேற்கு வர்ஜீனியாவில் பிறந்தவர். அவர் இருந்த வட்டாரத்தில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்போடு பள்ளி முடிந்துவிடும். அவருடைய அப்பா குடும்பத்தையே நூறு மைலுக்கு மேல் தள்ளியிருந்த இன்ஸ்டிட்யூட் என்ற ஊருக்குக் குடிபெயர்த்தார். அங்கே கறுப்பினக் கல்லூரி ஒன்றும் அதோடு சேர்ந்த உயர்நிலைப் பள்ளியும் இருந்தன. அந்தக் கல்லூரியில் ஷிஃபலின் கிளேட்டர் என்ற பேராசிரியர் இருந்தார். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற மூன்றாவது கறுப்பின அமெரிக்கர். அந்தப் பெண் இருக்கிற பாடத்தையெல்லாம் முடித்துவிட்டாள் என்று தெரிந்ததும், அவளுக்காகவே வெளிசார் பகுமுறை வடிவியலில் புதுப் பாடம் ஒன்றைத் தொடங்கி நடத்தினார். விண்கலத்தின் பாதையைக் கணக்கிட வேண்டிய நாள் வந்தபோது கைகொடுத்தது அந்தப் படிப்பு.

அவர் பின்னாளில் வேலை பார்த்த லாங்லி ஆய்வுக்கூடத்தின் (பிறகு நாசாவோடு சேர்ந்தது) கதவும் தானாகத் திறக்கவில்லை. 1941-ல் தொழிற்சங்கத் தலைவர் பிலிப் ராண்டால்ஃப், ராணுவத் தளவாட ஆலைகளில் கறுப்பினத்தவருக்கு வேலை கொடுக்காவிட்டால் வாஷிங்டனில் பெரும் பேரணி நடத்துவோம் என்று அறிவித்தார். ஜூன் 25 அன்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட், அந்த ஆலைகளிலும் அரசு வேலைகளிலும் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் 8802 என்ற ஆணையைப் பிறப்பித்தார். அதற்குப் பிறகுதான் லாங்லியில் கையால் கணக்குப் போடும் வேலைக்குக் கறுப்பினப் பெண்கள் சேர்ந்தார்கள். தனிக் கட்டடம், தனிக் கழிப்பறை. சாப்பாட்டுக் கூடத்தில் கறுப்பினத்தவர் உட்காரும் மேஜைக்கு ஒரு பலகை. மிரியம் மேன் என்ற பெண்மணி அந்தப் பலகையை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடுவார். புதுப் பலகை வைப்பார்கள். மறுபடி எடுத்துக்கொண்டு போவார். கடைசியில் வைப்பதை நிறுத்திவிட்டார்கள்.

டோரதி வான் 1949-ல் அந்தக் கறுப்பினப் பெண்கள் பிரிவின் தலைவரானார். கம்ப்யூட்டர் வந்தால் கையால் கணக்குப் போடுகிறவர்களுக்கு வேலை இருக்காது என்று முன்கூட்டியே கணித்து, தான் ஃபோர்ட்ரான் என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொண்டதோடு நிற்காமல் தன் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். மேரி ஜாக்சனைப் பொறியாளராக்கலாம் என்று முதலில் சொன்னவர் காசிமிர் சர்னெக்கி என்ற வெள்ளைப் பொறியாளர். அதற்குப் படிக்க வேண்டிய வகுப்பு நடந்த இடமோ வெள்ளையருக்கு மட்டுமான பள்ளிக்கூடம். ஹாம்ப்டன் நகராட்சியிடம் தனி அனுமதி வாங்கித்தான் மேரி அந்தப் படியேறினார். 1958-ல் நாசாவின் முதல் கறுப்பினப் பெண் பொறியாளர். இன்று வாஷிங்டனில் உள்ள நாசா தலைமையகக் கட்டடத்துக்கு அவர் பெயர்தான்.

காதரினுக்கும் துணிச்சல் கொஞ்சமில்லை. பொறியாளர்களின் கூட்டங்களுக்குப் பெண்கள் போகும் வழக்கமில்லை என்றபோது, அதற்குச் சட்டம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டு உள்ளே போனார். ஆனால் பத்து வயதிலிருந்து அவரைச் சுற்றி அப்பா இருந்தார், கல்லூரி இருந்தது, கிளேட்டர் இருந்தார், டோரதி இருந்தார். தனியாளாகச் சாதித்தார் என்று கதை சொல்லும்போது இத்தனை பேரையும் அழித்துவிடுகிறோம். பிறகு இன்னொரு பிள்ளையிடம் போய், "நீயும் அப்படித் தனியாக ஜெயி" என்கிறோம்.

முனைவர் பட்டம் வரை போய்விட்டால் யாரும் தடுக்க முடியாதல்லவா?

பெர்சி ஜூலியனைப் பாருங்கள். அலபாமாவில் 1899-ல் பிறந்தவர். ஹார்வர்டில் முதுகலை, 1931-ல் வியன்னாவில் முனைவர் பட்டம். 1935-ல் கண் அழுத்த நோய்க்கான மருந்தாகிய ஃபைசோஸ்டிக்மினைச் செயற்கையாகத் தயாரித்து உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார். அந்த ஆராய்ச்சி நடந்த கல்லூரியே அவருக்கு ஆசிரியர் பதவி தர மறுத்தது. விஸ்கான்சினில் ஓர் ஆய்வு நிறுவனம் எடுத்துக்கொள்ள நினைத்தது, ஆனால் அந்த ஊரில் கறுப்பினத்தவர் இரவு தங்கக் கூடாது என்று விதி. கடைசியில் ஒரு பெயின்ட் கம்பெனி ஆராய்ச்சித் தலைவராக எடுத்தது. சோயாவிலிருந்து ஹார்மோன்கள் தயாரிக்கும் வழியை அங்கேதான் வளர்த்தார். சிகாகோ அருகே ஓக் பார்க்கில் வீடு வாங்கியபோது, 1950-ல் குடிபோகும் முன்பே தீ வைத்தார்கள். அடுத்த வருடம் டைனமைட் வீசினார்கள். அவர் அங்கேயே இருந்தார். 1953-ல் சொந்த ஆய்வுக்கூடம் தொடங்கி, கறுப்பின வேதியியலாளர்கள் பலருக்கு அங்கே வேலை கொடுத்தார்.

டேவிட் பிளாக்வெல் 22 வயதில் கணிதத்தில் முனைவர். 1942-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அவரை எடுக்கப் பேச்சு நடந்தது, நிறத்தைக் காட்டித் தட்டிக்கழித்தார்கள். வெள்ளையர் கல்லூரிகளில் கேட்டுப் பயனில்லை என்று முடிவு செய்து, நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பினக் கல்லூரிகளுக்குக் கடிதம் எழுதினார். பெர்க்லி அவரை எடுத்துக்கொண்டது ஒரு பத்தாண்டுக்கும் மேல் கழித்து. புள்ளியியல் படித்தவர்களுக்கு ராவ்–பிளாக்வெல் தேற்றம் தெரிந்திருக்கும். அந்த ராவ் நம் நாட்டு சி.ஆர்.ராவ், அந்த பிளாக்வெல் இவர். 2024-ல் என்விடியா அறிவித்த பிளாக்வெல் சிப்களுக்கும் இவர் பெயர்தான். தினமும் அந்தப் பெயரைச் சொல்லி வேலை பார்க்கும் நம் பொறியாளர்களில் எத்தனை பேருக்கு அது யாரென்று தெரியும்?

பிள்ளைகள் கஷ்டப்பட்டுப் படித்தால் போதாதா?

படிக்கிறார்கள். எப்படிப் படிக்கிறார்கள் என்பதில்தான் விஷயம். 1970-களில் பெர்க்லியில் யூரி டிரைஸ்மன் என்ற கணித ஆசிரியர் ஒரு புதிரைப் பார்த்தார். நல்ல மதிப்பெண்ணோடு வந்த கறுப்பின மாணவர்கள் கால்குலஸில் தோற்றுக்கொண்டிருந்தார்கள், சீன அமெரிக்க மாணவர்கள் நன்றாகச் செய்தார்கள். ஆர்வமில்லை, வீட்டில் ஊக்கமில்லை என்று சக ஆசிரியர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். டிரைஸ்மன் மாணவர்கள் பின்னாலேயே போய்ப் பார்த்தார். கறுப்பின மாணவர்கள் சொன்னபடி ஒழுங்காக, கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் படித்தார்கள். கணக்கு வராவிட்டால், தான்தான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். சீன மாணவர்கள் தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கூடி உட்கார்ந்து ஒருவர் தவறை ஒருவர் திருத்திக்கொண்டார்கள்.

அவர் செய்தது எளிமையான காரியம். கறுப்பின மாணவர்களைக் கூட்டி உட்கார வைத்தார். பின்தங்கியவர்களுக்கான தனி வகுப்பு என்று சொல்லவில்லை. வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்தார். தோற்றுக்கொண்டிருந்தவர்கள் வகுப்பில் முன்னுக்கு வந்தார்கள்.

இதே வழியைப் பெரிய அளவில் எடுத்துக்கொண்டு போனது மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுன்டி வளாகம். அங்கே 1988-ல் தொடங்கியது மேயர்ஹாஃப் உதவித்தொகைத் திட்டம். அதன் உயிராக இருந்தவர் ஃப்ரீமன் ரபோவ்ஸ்கி. 1963-ல் பர்மிங்காமில் பிள்ளைகள் நடத்திய ஊர்வலத்தில் 12 வயதில் சிறைக்குப் போனவர். முதல் அணியில் 19 கறுப்பின இளைஞர்கள். கல்லூரி தொடங்குமுன் கோடையிலேயே கூட்டி வந்து, சேர்ந்து தங்க வைத்து, சேர்ந்து படிக்கப் பழக்குவார்கள். சக மாணவன் தோற்றால் அது உன் தோல்வியும்தான் என்று அங்கே முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொடுப்பார்கள். கோவிட் தடுப்பூசிக்கு அடிப்படையான ஆய்வைத் தேசிய சுகாதார நிறுவனத்தில் செய்த குழுவின் முன்னணி விஞ்ஞானி கிஸ்மிகியா கார்பெட் அங்கே படித்தவர். நம்மில் பலர் கையில் ஏறிய மாடர்னா ஊசி அந்த ஆய்விலிருந்து வந்தது.

எங்கள் சனிக்கிழமை மேஜையில் நாங்கள் பின்பற்றுவதும் இதுவே. தனித்தனி நாற்காலி கிடையாது.

என் கணவர் கறுப்பினத்தவர். மகள் ஏழாம் வகுப்பு, கணக்கில் ஆர்வம். இப்போதே கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

உண்டு, அதுவும் உடனே. இங்கே கணக்குப் பாடங்கள் ஒரு ஏணி. முதல் அல்ஜீப்ரா, வடிவியல், இரண்டாம் அல்ஜீப்ரா, முன்கால்குலஸ், பிறகு கால்குலஸ். ஐந்து படி. பன்னிரண்டாம் வகுப்பில் கால்குலஸ் படிக்க வேண்டுமானால் எட்டாம் வகுப்பிலேயே முதல் அல்ஜீப்ராவில் இருக்க வேண்டும். யாரை அதில் போடுவது என்பதைப் பெரும்பாலும் ஏழாம் வகுப்பு முடிவில் தீர்மானிக்கிறார்கள். தாமதிக்காமல் பள்ளிக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். "இன்னும் தயாராகவில்லை" என்று பதில் வந்தால், எந்தத் தேர்வில் எத்தனை மதிப்பெண் வேண்டும் என்று எழுத்திலேயே கேளுங்கள். நல்ல மதிப்பெண் வாங்கிய பெண்ணை வாய்வார்த்தையில் கீழ் வகுப்புக்கு அனுப்பியதையும், அம்மா கடிதம் எழுதியதும் ஒரே வாரத்தில் மாற்றியதையும் பார்த்திருக்கிறேன்.

தேசியக் கறுப்பினப் பொறியாளர் சங்கத்துக்குப் பள்ளி மாணவர்களுக்கான இளையோர் பிரிவு உண்டு. 1975-ல் பர்டியூ பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய சங்கம் அது. உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் 'சீட்' என்ற கோடைத் திட்டத்தையும் விசாரியுங்கள், வருமானம் குறைந்த குடும்பப் பிள்ளைகளுக்கானது. கிஸ்மிகியா கார்பெட் முதன்முதலாக ஆய்வுக்கூடத்தில் கால்வைத்தது அதன் மூலம்தான்.

கறுப்பினக் கல்லூரிகளில் சேர்ப்பது நல்லதா? பெயர் பெற்ற பல்கலைக்கழகம் கிடைத்தால்?

பிள்ளையைப் பொறுத்தது. ஹோவர்ட், ஸ்பெல்மன், வடகரோலைனா ஏ அண்ட் டி, சேவியர் என்று ஏறக்குறைய நூறு கல்லூரிகள் இருக்கின்றன. நாட்டிலுள்ள கல்லூரிகளில் அவை மிகச் சிறிய பங்கு, ஆனால் கறுப்பின விஞ்ஞானிகளிலும் பொறியாளர்களிலும் கணிசமான பங்கு அங்கேயிருந்து வருகிறது. வகுப்பில் தான் ஒருத்தி மட்டும் என்ற பாரம் அங்கே கிடையாது. பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போவதானால், முதல் வாரத்திலேயே சேர்ந்து படிக்க நாலு பேரைத் தேடிக்கொள்ளச் சொல்லுங்கள்.

வேலை கிடைத்துவிட்டது, ஆனால் வருடக்கணக்காக அதே இடத்தில் நிற்கிறேன் என்பவருக்கு என்ன சொல்வீர்கள்?

நான் கறுப்பினத்தவன் இல்லை. ஆகவே, என்னோடு வேலை பார்த்த, மேலே போன கறுப்பினப் பொறியாளர்கள் சொன்னதை மட்டும் சொல்கிறேன். ஒருவர் வெள்ளிக்கிழமைதோறும் அந்த வாரம் தான் செய்ததைத் தேதியோடு எழுதி வைப்பார். அப்ரைசலில் "இன்னும் கொஞ்சம் பொறுப்பெடுக்க வேண்டும்" என்று மேனேஜர் சொன்னபோது, எந்த வேலையில், எந்த மாதத்தில் என்று கேட்டு, தன் குறிப்பை எடுத்து வைத்தார். பொத்தாம்பொதுவான குறை அத்தோடு நின்றது.

ஆலோசனை சொல்பவர் வேறு, நாம் இல்லாத அறையில் நம் பெயரைச் சொல்பவர் வேறு என்பார் இன்னொருவர். ஆலோசனை சொல்ல நிறையப் பேர் வருவார்கள். ப்ரமோஷன் தீர்மானிக்கும் கூட்டத்தில் வாய்திறக்க ஒருவராவது வேண்டும். அவர் நம் நிறத்தவராக இருக்க வேண்டியதில்லை. மேரி ஜாக்சனுக்கு சர்னெக்கி அப்படித்தான் இருந்தார்.

மூன்றாவது, கமிட்டி வேலை. ஆளெடுப்புக் குழு, வரவேற்பு நிகழ்ச்சி, பிரசுரத்துக்குப் போட்டோ என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒருவரையே கூப்பிடுவார்கள். கைதட்டுவார்கள், அப்ரைசலில் கணக்கில் எடுக்க மாட்டார்கள். கணக்கில் வருமா என்று கேட்டுவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

"கோட்டாவில் வந்தவர்" என்று காதுபடச் சொல்கிறார்களே?

அர்சுலா பர்ன்ஸ் நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்பில், தனியாளாகப் பாடுபட்ட அம்மாவிடம் வளர்ந்தவர். மெக்கானிக்கல் என்ஜினியர். 1980-ல் ஜெராக்ஸில் கோடைப் பயிற்சிக்குச் சேர்ந்தார். 1989-ல் ஒரு கூட்டத்தில் ஒருவர், எல்லா இனத்தவரையும் சேர்க்கும் பன்முகத்தன்மைக்கு முயல்வதால் தரம் குறைகிறதா என்று கேட்டார். மேடையில் இருந்த உயர் அதிகாரி வெய்லண்ட் ஹிக்ஸ் பொறுமையாகப் பதில் சொன்னார். பர்ன்ஸ் எழுந்து, இந்தக் கேள்விக்கு ஏன் இத்தனை மென்மையாகப் பதில் சொல்கிறீர்கள் என்று அவரிடமே கேட்டார். ஹிக்ஸ் பிறகு அவரை அழைத்துப் பேசினார், பேச்சு தொடர்ந்தது, 1990-ல் தன் நிர்வாக உதவியாளராக ஆக்கிக்கொண்டார். 2009-ல் பர்ன்ஸ் அந்தக் கம்பெனிக்கே தலைமை நிர்வாகி. எல்லாராலும் அப்படி எழுந்து நிற்க முடியாது, வேலை போய்விடும் என்ற பயம் நியாயமானது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நாம் எழுந்து சொல்லலாமே. நமக்கு ஆபத்து குறைவு.

இது நம் ஊர் இடஒதுக்கீடு மாதிரியா?

கிடையாது. இத்தனை இடம் இவர்களுக்கு என்று எண்ணிக்கை வைத்து ஒதுக்குவது கல்லூரிச் சேர்க்கையில் 1978-லேயே பாக்கே வழக்கில் தடை செய்யப்பட்டது. அதன்பின் இருந்தது, பல அம்சங்களில் ஒன்றாக இனத்தையும் பார்க்கலாம் என்ற சலுகை. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதையும் முடித்துவிட்டது.

2025-க்குப் பிறகு எல்லாமே மூடிவிட்டதா?

நிறைய மூடியிருக்கிறது. அரசு ஒப்பந்தக் கம்பெனிகள் பாகுபாடின்றி ஆளெடுக்க முனைப்பாகச் செயல்பட வேண்டும் என்ற 1965-ஆம் வருட ஆணை 11246, 2025 ஜனவரியில் ரத்தானது. அரசு அலுவலகங்களில் பன்முகத்தன்மைப் பிரிவுகளைக் கலைத்தார்கள். எனக்கு இது ஆழ்ந்த வருத்தம். ஆனால் 1964-ஆம் வருடச் சிவில் உரிமைச் சட்டத்தின் ஏழாம் பிரிவு அப்படியே இருக்கிறது. நிறத்துக்காக வேலை மறுப்பது இன்றும் சட்டவிரோதம். மேயர்ஹாஃப் திட்டத்தையும் நினைவில் வையுங்கள். தொண்ணூறுகளில் ஒரு நீதிமன்றத் தீர்ப்பால் அதை எல்லா இனத்தவருக்கும் திறந்துவிட வேண்டி வந்தது. முடிந்தது கதை என்றார்கள். சேர்ந்து படிக்கும் முறையை அவர்கள் கைவிடவில்லை, கறுப்பின முனைவர்கள் அங்கிருந்து வந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

பாகுபாடு நடந்தால் எங்கே போவது?

சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் புகார் தர வேண்டும். சம்பவம் நடந்து 180 நாளுக்குள், மாநிலத்தில் அதற்கென அமைப்பு இருந்தால் 300 நாளுக்குள். இந்தக் கெடு தெரியாமல் மனிதவளத் துறையின் பதிலுக்காகக் காத்திருந்து நாளைத் தவறவிட்டவர்கள் உண்டு. தலைமுடியை இயல்பாகச் சடைபின்னி வருவதற்காக ஒருவரை ஒதுக்குவதும் பல மாநிலங்களில் சட்டவிரோதம். 2019-ல் கலிஃபோர்னியா முதலில் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது.

கருவி வேலை செய்தால் போதும். செய்தவர் யாராக இருந்தால் என்ன?

விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவி கோவிட் காலத்தில் எல்லார் வீட்டிலும் இருந்ததே. ரத்தத்தில் ஆக்சிஜன் ஆபத்தாகக் குறைந்திருந்தும் கருவி நன்றாகக் காட்டுவது வெள்ளை நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்று 2020 டிசம்பரில் மிச்சிகன் மருத்துவர்கள் எழுதினார்கள். கருத்த தோலில் ஒளி வேறு மாதிரி போகிறது. நம் தோலையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜாய் புவோலம்வினி எம்.ஐ.டி-யில் மாணவியாக இருந்தபோது முகம் கண்டறியும் மென்பொருள் அவர் முகத்தைக் கண்டுகொள்ளவில்லை. வெள்ளை முகமூடியை மாட்டியதும் கண்டுகொண்டது. 2018-ல் அவரும் டிம்னிட் கெப்ருவும் விற்பனையில் இருந்த மூன்று மென்பொருள்களைச் சோதித்தார்கள். ஆணா பெண்ணா என்று சொல்வதில், வெளிர்ந்த தோலுள்ள ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம். கருத்த தோலுள்ள பெண்களிடம் 34.7 வரை. அந்த அறையில் அப்படியொரு முகம் இருந்ததால்தான் பிழை கண்ணில் பட்டது.

என் டீமில் ஒரே ஒரு கறுப்பினப் பொறியாளர். நான் என்ன செய்யலாம்?

மதியம் சாப்பிடப் போகும்போது கூப்பிடுங்கள். மேஜையில் தமிழில் பேசுவதை அந்த அரை மணி நேரம் நிறுத்துங்கள். மீட்டிங்கில் அவர் சொன்ன யோசனையைப் பத்து நிமிடம் கழித்து இன்னொருவர் தன்னுடையதாகச் சொன்னால், "இது அவர் சொன்னதுதானே" என்று சொல்லுங்கள். அடுத்த ரெஃபரலை நீங்கள் படிக்காத கல்லூரியிலிருந்து ஒருவருக்குக் கொடுங்கள். என் பட்டியலில் இப்போது பன்னிரண்டு பேர். கடைசி மூவர் கறுப்பினக் கல்லூரிகளில் படித்தவர்கள். இருவருக்கு வேலை கிடைத்தது.

பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதை?

ரொனால்ட் மெக்நேர். தென் கரோலைனாவில் லேக் சிட்டி என்ற சிறிய ஊர். 1959-ல் அவனுக்கு வயது ஒன்பது இன்னும் ஆகவில்லை. அறிவியல் புத்தகங்கள் எடுக்க ஊர் நூலகத்துக்குத் தனியாக நடந்து போனான். அது வெள்ளையருக்கு மட்டுமான நூலகம். கொடுக்க முடியாது, போகாவிட்டால் போலீஸைக் கூப்பிடுவேன் என்றார் நூலகர். பையன் புத்தகம் கொடுக்கும் மேடைமேல் ஏறி உட்கார்ந்து, காத்திருக்கிறேன் என்றான். இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். அம்மாவும் ஓடி வந்தார். மேடைமேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த குட்டிப் பையனைப் பார்த்த போலீஸ்காரர், புத்தகத்தைக் கொடுத்துவிடுங்களேன் என்றார். அம்மா, புத்தகத்தைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வான் என்றார். என்ன சொல்ல வேண்டும் என்று மகனைப் பார்த்துக் கேட்டார். நன்றி அம்மா என்றான் பையன், நூலகரிடம்.

அவர் வடகரோலைனா ஏ அண்ட் டி-யில் இயற்பியல் படித்து, 1976-ல் எம்.ஐ.டி-யில் லேசர் ஆய்வில் முனைவராகி, 1984-ல் விண்வெளிக்குப் போனார். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலத்தில் இறந்த ஏழு பேரில் அவரும் ஒருவர். அந்தப் பழைய நூலகக் கட்டடம் இன்று அவர் பெயரில் அருங்காட்சியகமாக இருக்கிறது. போன கோடையில் எங்கள் சனிக்கிழமைப் பிள்ளைகள் பதினொரு பேரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். இருப்பதில் சின்னவள், ஒன்பது வயது, அந்த மேடை எந்த இடத்தில் இருந்தது, எவ்வளவு உயரம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.